பங்குனிக்கு மட்டும் திறக்கும் வீடுகள்

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கொடியேறிவிட்டால் எங்கள் தெருவில் நான்கைந்து வீடுகளின் பூட்டு திறக்கும். சிங்கப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கும், துபாயிலிருந்து இன்னொன்று. டெக்சாஸில் இருப்பவர்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பொறுத்து ஓர் ஆண்டு வருவார்கள், ஓர் ஆண்டு வரமாட்டார்கள். அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அத்தையோ சித்தப்பாவோ ஆள் வைத்து வீட்டைக் கழுவிவிட்டிருப்பார்கள். மோட்டார் ஓடாது. சுவிட்சுக்குள் எறும்பு புகுந்திருக்கும். மர அலமாரியின் அடியில் கரையான் ஏறியிருக்கும். அக்கினிச்சட்டி, தேர், பொருட்காட்சி எல்லாம் முடிந்து மதுரை விமான நிலையத்துக்குக் கார் கிளம்பும்போது சாவி மறுபடி அத்தை கைக்குப் போகும். அந்த அத்தைக்கும் வயது எழுபதை நெருங்குகிறது.

இந்த வீடுகளைப் பார்த்து வெட்டிப் பெருமை என்று பேசுகிறவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். சிவகாசி வட்டாரத்தில் ஊர் ஊராக வந்து நிற்கும் வண்டியில் விடிந்தும் விடியாமலும் ஏறி, பட்டாசு ஆபீஸிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்கள் எத்தனையோ பேர். தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரே பட்டாசு ஆலையின் வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2024 மே மாதத்தில் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டி என்று அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. "நீயாவது மருந்துக்குள்ள கை வைக்காதே" என்று சொல்லித்தான் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். அவன் மெப்கோ பொறியியல் கல்லூரியிலோ வி.எச்.என்.எஸ்.என். கல்லூரியிலோ படித்து, சென்னைக்குப் போய், அங்கிருந்து கடல் கடந்து, முதலில் சேர்த்த காசில் அம்மாவின் ஓட்டு வீட்டைப் பிரித்துக் காங்கிரீட் போடுகிறான். இதில் எங்கே வெட்டிப் பெருமை? வெளியூர் போய்க் கற்றுத் திரும்பி இங்கே ஒன்றைக் கட்டி நிறுத்துவது இந்த மண்ணுக்குப் பழகிய வழிதான். 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கி வைத்ததுதானே சிவகாசி.

என் கவலை வீடு கட்டுவதைப் பற்றியது அல்ல. குடும்பத்தைச் சேர்த்துவைக்கக் கட்டிய வீடு பல குடும்பங்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. பத்திரம், பாகம், உயில், முதுமை ஆகிய நான்கையும் வீட்டுக்குள் வாய்விட்டுப் பேச நாம் கூசுவதுதான் இதற்கு முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதை இது. மகன் சிங்கப்பூரில். அவன் அனுப்பிய பணத்தில் அப்பா மனை வாங்கினார், தன் பெயரில். "அவன் கையெழுத்துப் போட வர முடியாது, என் பேர்ல இருந்தா என்ன, எல்லாம் அவனுக்குத்தானே" என்று அன்றைக்குச் சொன்னதில் பொய் ஏதுமில்லை. அந்த மனையில் மகன் பணத்திலேயே வீடும் எழும்பியது. அப்பா உயில் எழுதாமல் காலமானார். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகப் போகும். அவருடைய தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பாட்டி இல்லை. அம்மா, மகன், இரண்டு மகள்கள். தான் கட்டிய வீட்டில் மகனுக்குப் பாதிகூட இல்லை, கால் பங்குதான்.

தங்கைகள் தங்கள் பங்கைக் கேட்டதைத் தவறென்று சொல்ல எனக்கு நா வராது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்குச் சம உரிமை 1956 முதலே இருக்கிறது. தமிழ்நாட்டின் 1989 திருத்தமும் மத்திய அரசின் 2005 திருத்தமும் பூர்வீகச் சொத்திலும் அந்த உரிமையைக் கொடுத்தன. கல்யாணத்துக்குப் போட்ட நகையோடு மகளின் கணக்கு முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு. அண்ணன் கேட்பதும் நியாயம்: பணம் முழுக்க அவனுடையது. இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. பத்திரம் மட்டும் ஒருவர் பெயரில் இருந்தது. அந்த வீடு இப்போது ஆறு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. அம்மா இளைய மகள் வீட்டில் இருக்கிறார். தன் வீட்டின் வழியாகக் கோயிலுக்குப் போவதைத் தவிர்த்து வேறு தெருவில் சுற்றிப் போகிறார்.

இத்தனைக்கும் வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன் இங்கே தன் பெயரிலேயே வீடும் கடையும் வீட்டுமனையும் வாங்கத் தடையே இல்லை. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் தடுப்பது விவசாய நிலத்தையும் தோட்டத்தையும் பண்ணை வீட்டையும்தான். நான்குவழிச் சாலை ஓரம் விலை ஏறும் என்ற ஆசையில் புஞ்சை நிலம் வாங்கிப் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மச்சான் பெயரையோ மாமனார் பெயரையோ தேடுகிறார்கள். பிறர் பெயரில் வாங்கி வைப்பது 2016-இல் கடுமையாக்கப்பட்ட பினாமி தடைச் சட்டத்துக்குள் கொண்டுபோய் விடக்கூடும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஊரில் இருக்கும் தகப்பனார் வெளிநாட்டு மகனுக்கு வீட்டைத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கலாம். புஞ்சையை அப்படிக் கொடுக்க முடியாது. அது வாரிசுரிமையாகவோ உயில் வழியாகவோதான் அவனுக்குப் போக முடியும். இதைத் தெரியாமல் எழுதிய பத்திரம் நாளைக்கு விற்கும்போது முள்ளாகக் குத்தும்.

'கையெழுத்துப் போட ஆளில்லை' என்ற பிரச்சினைக்கு வழி, பவர் பத்திரம். இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்திலோ அங்குள்ள நோட்டரி முன்போ கையெழுத்திட்டு அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்துசேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். கூரியரில் வந்த பவரை பீரோவில் வைத்துவிட்டு நான்காவது மாதம் பதிவு அலுவலகத்துக்கு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இதைவிட முக்கியம், என்ன வேலைக்குப் பவர் என்பது. பட்டா மாற்ற, வீட்டு வரி கட்ட, வாடகை வாங்க என்று குறிப்பிட்டு எழுதலாம். விற்கும் அதிகாரத்தையும் சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டு, பத்து ஆண்டு கழித்து வில்லங்கச் சான்றில் வேறு பெயரைப் பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பவரை மட்டும் வைத்து நடக்கும் கைமாற்றம் உரிமையைத் தராது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதிக்கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் அன்றோடு செத்துவிடும்.

கட்டும் கதைக்கு வருவோம். விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தூர் பக்கம் பெரும்பாலும் கரிசல். மழை பெய்தால் உப்பும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இந்த மண்ணில் வீட்டின் ஆயுள் அடித்தளத்துக்கு வானம் தோண்டும்போதே முடிவாகிறது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்கென்றே அடிப்பாகம் அகன்ற தூண் அடித்தளத்தை உருவாக்கித் தந்தது. அதற்குச் செலவு கூடும், கண்ணுக்கும் தெரியாது. எதிரே நிற்காத முதலாளிக்கு வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பிக் கட்டும்போது தரை டைல்ஸும் வாசல் தூணும் பளிச்சென்று வரும்; மண்ணுக்குள் புதைந்ததை யார் படம் எடுப்பது? மூன்றாவது கோடையில் சுவரின் மூலையில் சாய்வாக ஒரு விரிசல் ஓடும். பூட்டிய வீட்டில் அதைப் பார்க்கவும் ஆளில்லை. பெரிய கொத்தனாரோ சிறிய கொத்தனாரோ, அடித்தளம் போடும் இரண்டு வாரமாவது உரிமையாளர் விடுப்பு எடுத்து நேரில் நிற்க வேண்டும். பால் காய்ப்புக்கு வரும் விடுப்பை அதற்குச் செலவிட்டாலும் நல்லதுதான்.

வெறும் மனைக்கு வேறு துன்பம். இரண்டு மழைக்காலம் திரும்பிப் பார்க்காவிட்டால் சீமைக்கருவேலம் மனையை மூடிவிடும். நான்குமூலைக் கல் எங்கே என்று தேட வேண்டிவரும். பக்கத்து மனைக்காரர் வேலியை மூன்றடி தள்ளிப் போட்டால் யாருக்குத் தெரியும்? எதிர்ப்பில்லாமல் ஒருவர் 12 ஆண்டு அனுபவித்துவந்தால் உரிமை கோரும் வாய்ப்பைக் காலவரையறைச் சட்டம் அவருக்குத் தருகிறது. அங்கீகாரமில்லாத மனையை 2016-க்குப் பிறகு பதிவு செய்வதில் உள்ள கட்டுப்பாடும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. சிவகாசி சுற்றுவட்டாரத்தில் மட்டும் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும்: மனைக்கு எவ்வளவு தூரத்தில் பட்டாசு ஆலையோ கிடங்கோ இருக்கிறது? வெடிபொருள் விதிகள் ஆலைக்கும் குடியிருப்புக்கும் நடுவே பாதுகாப்புத் தொலைவு கேட்கின்றன. வெளிநாட்டிலிருந்து செல்பேசியில் வரைபடம் பார்த்து மனை வாங்குகிறவருக்கு ஆலை இருக்கும் இடம் பச்சை நிறமாக மட்டுமே தெரியும்.

கடலுக்கு அந்தப் பக்கம் நிலைமை எளிது என்று நினைக்கிறோம். மேலே சொன்ன சிங்கப்பூர் மகனையே எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலான மக்கள் வாழ்வது வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில். நிரந்தரவாசத் தகுதி பெற்ற தம்பதி மூன்று ஆண்டு கழிந்த பிறகே மறுவிற்பனை வீவக வீடு வாங்கலாம். வாங்கினால், உள்ளூரிலோ வெளிநாட்டிலோ தங்களுக்கு இருக்கும் வீட்டை ஆறு மாதத்துக்குள் கைவிட வேண்டும். பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். விருதுநகரில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் கால் பங்கு, ஆறு ஆண்டாக விற்கவும் முடியாமல் பிரிக்கவும் முடியாமல் கிடப்பது, இப்போது அவனுடைய சிங்கப்பூர் வீட்டுக் கதவையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. நிரந்தரவாசமும் இல்லாதவர்கள் தனியார் வீடு வாங்க நினைத்தால், 2023 ஏப்ரல் 27 முதல் கூடுதல் முத்திரைத் தீர்வையே விலையில் 60 சதவீதம். எனவே வாடகை. இரண்டு நாட்டிலும் வீட்டுக்காகவே உழைத்தவன் இரண்டிலும் தனக்கென ஒரு வீடில்லாமல் நிற்கிறான்.

கனடா, குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாதவர்கள் வீடு வாங்குவதை 2023 ஜனவரி முதல் தடை செய்து, பிறகு அதை 2027 ஜனவரி 1 வரை நீட்டித்தது. வேலை அனுமதியில் இருப்பவர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. ஆஸ்திரேலியா 2025 ஏப்ரல் முதல் தற்காலிக விசாக்காரர்கள் பழைய வீடு வாங்குவதை நிறுத்தியது. அமெரிக்காவில் விசாவில் இருக்கும் இந்தியரும் வாங்கலாம், வங்கியும் கடன் தரும். ஆனால் கடன் 30 ஆண்டுக்கு, எச்-1பி விசா மூன்று மூன்று ஆண்டாக. வேலை போனால் அடுத்த வேலைக்கு 60 நாள் அவகாசம். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகாத கிரீன் கார்டு உச்சவரம்பால் இந்தியர்கள் பல்லாண்டு வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் நின்றுகொண்டு வாங்கிய வீட்டை, அறுபது நாளில் விற்றுவிட்டுக் கிளம்பும் துணிவு இருந்தால் மட்டுமே வாங்க வேண்டும் என்பது என் கருத்து. வளைகுடாவில் தொழிலாளியாகப் போகிறவருக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தபோது இறந்தவர்களில் 45 பேர் இந்தியர்கள், அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஊரில் ஒரு வீட்டுக்காக ஓர் அறையில் பலராக நெருக்கிப் படுத்திருந்தவர்கள் அவர்கள்.

ஊர் வீட்டை விற்று அங்கே வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்தால் அடுத்த தடை வரியில் இருக்கிறது. விற்பவர் உள்ளூரில் வசிப்பவரானால், 50 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள விற்பனையில் வாங்குபவர் பிடிக்க வேண்டியது ஒரு சதவீதம். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த சொத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதமும் அதன் மேல் கூடுதல் வரிகளும் பிடிக்க வேண்டும். பணவீக்கத்தைக் கழித்துக் கணக்குப் போடும் பழைய சலுகையும் அவருக்கு இல்லை. லாபத்துக்கு ஏற்பக் குறைத்துப் பிடிக்க வருமானவரித் துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கலாம். அதை யாரும் சொல்வதில்லை. சிற்றூரில் வாங்க வருகிறவர் இந்த வேலையைக் கேட்டதுமே பின்வாங்கிவிடுவார். அதையும் தாண்டி விற்றால், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை பணத்தை வெளியே கொண்டுபோக வழி இருக்கிறது. மாறாக, அங்கே வாங்கிய வீட்டை வைத்துக்கொண்டு ஊர் திரும்பினாலும் சட்டம் அனுமதிக்கும். ஆனால் இங்கே முழு வசிப்பாளர் ஆனதும் அந்த வீட்டை வருமானவரிக் கணக்கில் காட்டியாக வேண்டும். தவறினால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம்.

இதை எழுதும்போது குல்லூர்சந்தை நினைவுக்கு வருகிறது. விருதுநகருக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. கடல் கடந்து நம்மிடம் வந்தவர்கள் அவர்கள். தமிழ்நாட்டு முகாம்களில் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர 2021 ஆகஸ்ட் மாதம் அரசு அறிவித்தது; நல்ல செயல், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் வீடு புதிதாவதாலேயே அது அவர்களுக்குச் சொந்தமாகிவிடாது. முகாமில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்குக்கூட இந்தியக் குடியுரிமை எட்டாத தூரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் இலங்கை மலையகத்தில், இதே மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் தோட்ட லயங்களில் தலைமுறை தலைமுறையாகக் காணி உரிமை இல்லாமல் வாழ்ந்தார்கள். இந்திய உதவியோடு தனி வீடுகள் எழும்பத் தொடங்கியதே அண்மையில்தான். வெளிநாட்டில் நம் பிள்ளைகள் படும் விசாத் துன்பத்தை இங்கே புலம்புகிற நாம், குல்லூர்சந்தையில் இருப்பவர்களின் துன்பத்தையும் அதே மூச்சில் பேச வேண்டும்.

அரசுக்கு ஒரு கோரிக்கை. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது, ஜனவரி 12 அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. விழாவும் காப்பீடும் வேண்டியவைதாம். அத்துடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஒவ்வொன்றிலும் அந்த வாரியத்தின் பெயரில் ஒரு மேசை வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பவருக்குத் தீர்வை, பட்டா மாற்றம், மனை அளவீடு, வேலி தகராறு, வாடகைப் பிணக்கு ஆகியவற்றை அந்த மேசை கேட்டு உரிய துறைக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தர வேண்டும். கேரளம் 1996-லேயே அயலகக் கேரளத்தவருக்கெனத் தனித் துறை தொடங்கியது. பஞ்சாப், வெளிநாடு வாழ் உரிமையாளர் தன் தேவைக்கு வீட்டை விரைந்து திரும்பப் பெற 2001-இல் வாடகைச் சட்டத்தையே திருத்தியது. அதை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. வாடகைக்கு இருப்பவரும் நம் மக்கள்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நம் வாடகைச் சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிவதை எளிதாக்கினாலே போதும், பூட்டிய வீடுகள் பலவும் வாடகைக்குத் திறக்கும். ஊருக்கு மாற்றலாகி வரும் ஆசிரியைக்கும் செவிலியருக்கும் வீடு கிடைக்கும், சுவரும் பிழைக்கும்.

மிச்சமெல்லாம் குடும்பத்தின் கையில். 2023 ஜூலை முதல் தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், எவ்வளவு போனாலும் 40,000 ரூபாய்க்கு மேல் இல்லை. பதிவுக் கட்டணம் 10,000 ரூபாய்க்கு மேல் இல்லை. ஆக, ஐம்பதாயிரத்துக்குள் முடியும் காரியம். பெற்றோர் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்போது இதைச் செய்யாமல் விட்டு, பிறகு ஆறு ஆண்டு நீதிமன்றத்துக்கு அலைவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

வரும் பங்குனிக்கு ஊருக்கு வருகிறவர்களே, இறங்கிய மூன்றாம் நாள் பீரோவிலிருந்து பத்திரங்கள் இருக்கும் மஞ்சள் பையை எடுங்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமில்லாமல் பார்த்துவிடலாம். தங்கையையும் அக்காவையும் அழைத்து, அவர்களை முதலில் பேசவிட்டுக் கேளுங்கள். அப்பா அம்மாவிடம் கடைசிக்காலத்தில் எங்கே இருக்க ஆசை என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்குப் பிறகு வீட்டை யார் பெயரில் வைப்பது, விற்பதா, வாடகைக்கு விடுவதா என்று தீர்மானியுங்கள். கொடியேற்றத்துக்கும் தேருக்கும் நடுவே சார்பதிவாளர் அலுவலகம் திறந்திருக்கும் நாட்கள் சில உண்டு. அதில் ஒன்றை இதற்கு ஒதுக்குங்கள்.